தராசின் தயக்கம்: ஏறும்போது ஓர் எடை, இறங்கும்போது ஓர் எடை ஏன்?



கடையின் மூலதனம் எது என்று கேட்டால் பணம், சரக்கு, இடம் என்று வரிசையாகச் சொல்வோம். இவற்றுக்கெல்லாம் மேலான மூலதனம் ஒன்று உண்டு. நம் தராசின் மீது வாடிக்கையாளர் வைத்திருக்கும் நம்பிக்கையே அது. நல்ல சரக்கை நியாய விலைக்குக் கொடுத்தாலும், 'அந்தக் கடையில் எடை குறையும்' என்ற ஒரு பேச்சு தெருவில் கிளம்பிவிட்டால் அதைத் துடைக்கப் பல வருடங்கள் ஆகும்.

இன்று பெரும்பாலான மளிகைக் கடைகளில் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. எண் கண்ணுக்கு நேராகத் தெரிவதால் அது தவறாது என்று நாமும் நம்புகிறோம், வாடிக்கையாளரும் நம்புகிறார். ஆனால் முத்திரையிட்ட ஒரே 5 கிலோ கல்லை ஒரே தராசில் வைத்தால், காலையில் 5.000 என்றும், 20 கிலோ சுமையை இறக்கிக்கொண்டே வரும்போது 5.005 அல்லது 5.010 என்றும் காட்டுவது உண்டு. யாரும் தராசில் கை வைக்கவில்லை, கல்லும் தேயவில்லை. அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதற்குக் காரணம் என்ன, தயாரிப்பாளர் இதை எப்படி ஈடு செய்கிறார், கடையில் நாம் எப்படி ஈடு செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தயக்கம் என்றால் என்ன?

பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்டை நன்றாக இழுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பாருங்கள். இழுக்கும்போது இருந்த நீளமும், அதே விசைக்குத் தளர்த்தும்போது இருக்கும் நீளமும் ஒன்றாக இராது. தளர்த்தும்போது ரப்பர் சற்று நீண்டே இருக்கும். மூட்டை தூக்கிய கயிறும் அப்படித்தான். மூட்டையை இறக்கிய உடனே அது பழைய நீளத்துக்கு வந்துவிடுவதில்லை. பொருள் தன் பழைய நிலைக்குத் திரும்பத் தயங்குகிறது. இந்தக் குணத்துக்குத்தான் தயக்கம் என்று பெயர். ஆங்கிலத்தில் ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். 'பின்தங்குதல்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை 1881-ல் வைத்தவர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. அப்போது அவர் ஜப்பானில் டோக்கியோவில் பேராசிரியராக இருந்தார். இரும்பைக் காந்தமாக்கும் விசையைக் குறைத்த பிறகும் அதன் காந்தம் அதே அளவில் குறையாமல் பின்தங்குவதைக் கண்டு அவர் இந்தப் பெயரை இட்டார். பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் 'காந்தத் தயக்கம்' இதுதான்.

காந்தத்துக்கு வந்த பெயர் பிறகு சுருள்வில், உலோகம், ரப்பர் என எல்லாவற்றுக்கும் பொருந்தியது. சுருக்கமாகச் சொன்னால், தயக்கம் உள்ள பொருளுக்கு ஞாபகம் உண்டு. இப்போது என்ன சுமை இருக்கிறது என்பதோடு, சற்று முன் என்ன சுமை இருந்தது என்பதையும் சேர்த்தே அது பதில் சொல்லும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு குறை 'ஊர்தல்'. சுமையை அப்படியே தராசின் மேல் விட்டுவைத்தால் நேரம் போகப் போக எண் மெல்ல நகர்வது ஊர்தல். தயக்கம் சுமை வந்த வழியைப் பொறுத்தது. ஊர்தல் சுமை இருந்த நேரத்தைப் பொறுத்தது. கடையில் இரண்டும் கைகோர்த்தே வரும்.

பழைய தராசுக்கு இந்தத் தொல்லை ஏன் குறைவு?

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாகத் தராசுக் கோலைத்தான் வைத்தார். தான் முதலில் சமமாக நின்று, பிறகே பொருளின் எடையைக் காட்டுவது அந்தக் கோலின் சிறப்பு. அளவியல் நோக்கில் பார்த்தாலும் அது மிகச் சரியான உவமை. கைத்தராசில் ஒரு தட்டில் கல், மறு தட்டில் சரக்கு. கோல் எப்போதும் ஒரே இடத்துக்கு, அதாவது சம நிலைக்குத் திரும்பி வந்த பிறகே எடையை ஒப்புக்கொள்கிறோம். கோல் எவ்வளவு வளைந்தது, எவ்வளவு நீண்டது என்று நாம் அளப்பதே இல்லை. ஆகையால் உலோகத்தின் ஞாபகம் கணக்கில் ஏறுவதில்லை. நகைக்கடைகளில் வைத்திருக்கும் உயர்ரகத் தராசுகள் பலவும் இதே வழியைத்தான் மின்சாரத்தால் செய்கின்றன. தட்டு கீழே இறங்கவிடாமல் மின்காந்த விசையால் அதைப் பழைய இடத்துக்கே தள்ளி நிறுத்தி, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதை எடையாகக் காட்டுகின்றன.

ஆனால் கைத்தராசிலும் கத்திமுனை மழுங்கினாலோ துரு ஏறினாலோ உராய்வு வந்துவிடும். அப்போது கோல் சம நிலைக்கு முன்பே நின்றுவிடும். மேலிருந்து வந்தால் ஓரிடத்திலும் கீழிருந்து வந்தால் வேறிடத்திலும் நிற்கும். அதுவும் ஒருவகைத் தயக்கமே.

சுருள்வில் தராசின் கதை வேறு. விசைக்குத் தக்கபடி வில் நீளும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்டார். வில் நீள்வதையே எடையாகப் படிக்கும் தராசில் வில்லின் தயக்கம் முழுவதும் முள்ளில் தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் தராசும் அடிப்படையில் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

எலக்ட்ரானிக் தராசின் வயிற்றுக்குள்

தட்டுக்குக் கீழே ஒரு சிறு அலுமினியக் கட்டை இருக்கிறது. அதுதான் லோட் செல். அதன் நடுவில் துளையிட்டு, குறிப்பிட்ட இடங்கள் மட்டும் மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது அந்த மெலிந்த இடங்கள் நீண்டு சுருங்கும். அங்கே ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய உலோக இழைத் தகடுகளின் மின்தடை அதற்கேற்ப மாறும். ஸ்ட்ரெயின் கேஜ் எனப்படும் இந்தத் தகட்டை அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் 1938-ல் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

இங்கே நடக்கும் நீட்சி எவ்வளவு என்று தெரிந்தால் வியப்போம். முழுச் சுமையில்கூட மெலிந்த இடம் நீள்வது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்ற விகிதம். 30 கிலோ தராசு 5 கிராம் படியில் காட்டுகிறதென்றால், அந்த நீட்சியை அது 6,000 கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இவ்வளவு நுண்ணிய வேலையில் உலோகமும், அதில் தடவிய பசையும் சற்றே தயங்கினாலும் எண்ணில் தெரிந்துவிடும்.

தயாரிப்பாளர் செய்யும் ஈடு

முதலாவது, உலோகத் தேர்வு. மீட்சி நன்றாக உள்ள அலுமினியக் கலவையையோ எஃகையோ தேர்ந்தெடுத்து, வெப்பப் பக்குவம் செய்து, ஒரே கட்டையிலிருந்து குடைந்து எடுக்கிறார்கள். பல துண்டுகளைத் திருகாணியால் இணைத்தால் இணைப்புகளில் ஏற்படும் நுண்ணிய சறுக்கலே பெரிய தயக்கமாகிவிடும்.

இரண்டாவது, ஒரு குறையை இன்னொரு குறையால் அடிப்பது. சுமையைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகம் நேரம் போகப் போக இன்னும் கொஞ்சம் நீளும்; எண் கூடும். அதே நேரத்தில் பசையும் கேஜின் அடித்தகடும் தளர்வதால் கேஜ் அந்த நீட்சியைக் குறைத்துக் காட்டும், எண் குறையும். கேஜ் இழை வளைந்து திரும்பும் முனைகளின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்யும்படி அமைக்கிறார்கள்.

மூன்றாவது, பழக்குதல். புதிய லோட் செல்லில் முழுச் சுமையைப் பலமுறை ஏற்றி இறக்கிய பிறகே அளவு திருத்துகிறார்கள். முதல் சில சுமைகளில் வரும் நகர்வு அதோடு அடங்கிவிடும்.

நான்காவது, தானாகப் பூஜ்யம் பிடிக்கும் வசதி. தட்டு காலியாக இருக்கும்போது மிகச் சிறிய நகர்வை இது திருத்திக்கொள்ளும். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பூஜ்யத்தைச் சரி செய்வதால் 5 கிலோவிலோ 10 கிலோவிலோ உள்ள தயக்கம் சரியாகிவிடாது. நடுவழியில் உள்ள தயக்கத்தைக் கணக்குப் போட்டுத் திருத்துவதும் எளிதல்ல. ஏனெனில் முன்பு என்ன சுமை இருந்தது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவேதான் நல்ல லோட் செல்லுக்கு நல்ல விலை இருக்கிறது.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது?

1976-ம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டத்துக்கும் 1985-ம் ஆண்டின் அமலாக்கச் சட்டத்துக்கும் பதிலாக வந்த சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009, ஏப்ரல் 1, 2011 முதல் நடைமுறையில் உள்ளது. மளிகைக் கடைத் தராசு பொதுவாக மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. 30 கிலோ கொள்ளளவும் 5 கிராம் படியும் உள்ள தராசுக்கு முத்திரையிடும்போது அனுமதிக்கப்படும் பிழை இதுதான்:

2.5 கிலோ வரை: கூடுதலாகவோ குறைவாகவோ 2.5 கிராம்.
2.5 கிலோவுக்கு மேல் 10 கிலோ வரை: 5 கிராம்.
10 கிலோவுக்கு மேல் 30 கிலோ வரை: 7.5 கிராம்.

புழக்கத்தில் இருக்கும் தராசைப் பரிசோதிக்கும்போது இதைப் போல் இரு மடங்கு வரை அனுமதி உண்டு. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: இந்த வரம்பு சுமை ஏறும்போதும் பொருந்தும், இறங்கும்போதும் பொருந்தும். ஏறும்போது சரியாகக் காட்டுகிறது என்பது மட்டும் போதாது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

முத்திரையிட்ட 1, 2, 2, 5, 10 கிலோ கற்கள் இருந்தால் போதும். தராசைச் சமதளத்தில் வைத்து, அதில் உள்ள குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, மின்சாரம் கொடுத்துப் பதினைந்து இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும். பிறகு 20 கிலோவை ஒருமுறை ஏற்றி இறக்கி, பூஜ்யம் பார்த்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

முதலில் 1 கிலோ கல்லை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளவும். அதை எடுக்காமல் இரண்டு 2 கிலோ கற்களைச் சேர்த்தால் 5 கிலோ. 5 கிலோ கல்லைச் சேர்த்தால் 10. 10 கிலோ கல்லைச் சேர்த்தால் 20. இப்போது வைத்த வரிசைக்கு எதிர் வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, அதே இடங்களில் மீண்டும் குறிக்கவும். ஏறும்போது நடுவில் எந்தக் கல்லையும் எடுக்கக் கூடாது. இறங்கும்போது எதையும் திரும்ப வைக்கக் கூடாது. வைத்தால் வழி மாறிவிடும், சோதனை கெட்டுவிடும்.

உதாரணத்துக்கு ஒரு தராசு இப்படிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

1 கிலோ: ஏறும்போது 1.000, இறங்கும்போது 1.005
5 கிலோ: ஏறும்போது 5.000, இறங்கும்போது 5.010
10 கிலோ: ஏறும்போது 10.005, இறங்கும்போது 10.015
20 கிலோ: 20.005
காலித் தட்டு: தொடக்கத்தில் 0.000, முடிவில் 0.005

ஏறும் வழியை மட்டும் பார்த்தால் இந்தத் தராசில் ஒரு குறையும் இல்லை. இறங்கும் வழியில் 10 கிலோவில் 15 கிராம் கூடுதல். புழக்கத்தில் உள்ள தராசுக்கே அங்கே அனுமதி 10 கிராம்தான். ஆகவே இது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய தராசு. இரு வழிக்கும் உள்ள வித்தியாசம் நடுச்சுமையில் அதிகமாக இருப்பதையும் கவனியுங்கள். தயக்கத்தின் அடையாளமே அதுதான்.

உடனே பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுவதற்கு முன் தட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. லோட் செல்லுக்கும் அதன் கீழ் உள்ள தடுப்புத் திருகுக்கும் இடையில் சிக்கிய ஒரு துவரம்பருப்பு, காய்ந்துபோன வெல்லப் பாகு, தட்டில் உரசும் பிளாஸ்டிக் பை, பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும் ஒயர், இவை எல்லாம் தயக்கம் போலவே காட்டும். சுத்தம் செய்து மீண்டும் சோதித்தால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் முத்திரையை உடைத்து உள்ளே கை வைப்பது நம் வேலை அல்ல. அது குற்றமும் ஆகும்.

கல்லாவில் நிற்பவர் செய்யும் ஈடு

சரியாக உள்ள எலக்ட்ரானிக் தராசில் 1 கிலோ சர்க்கரையை 50 கிராம் கூடப் போட்டு அள்ளி எடுப்பதால் வரும் தயக்கம் மிகச் சிறியது. 5 கிராம் படியில் அது தெரியவே தெரியாது. ஏறிய சுமை சிறிதென்றால் தயக்கமும் சிறிது. ஆபத்து எங்கே என்றால், பெரிய சுமைக்குப் பின்னால் வரும் சிறிய சுமையில்தான். 25 கிலோ அரிசிப் பையை அரைமணி நேரம் அந்தத் தட்டிலேயே வைத்திருந்துவிட்டு, எடுத்த கையோடு 100 கிராம் சீரகம் நிறுத்தால் லோட் செல் இன்னும் அரிசிப் பையை மறக்கவில்லை. காலித் தட்டு 5 கிராம் காட்டும். கவனிக்காமல் நிறுத்தால் வாடிக்கையாளருக்கு 5 கிராம் சீரகம் குறைந்துவிடும். 100 கிராமுக்கு 5 கிராம் என்பது நூற்றுக்கு ஐந்து.

அதே 5 கிராமைப் பார்த்ததும் அவசரமாகப் பூஜ்யப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் உலோகம் முழுவதும் மீண்டுவிடும். காலித் தட்டு கழித்தல் 5 காட்டும். அதைப் பார்க்காமல் நிறுத்துக்கொண்டே போனால் இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் 5 கிராம் நம் கையை விட்டுப் போகிறது. நாளொன்றுக்கு 200 பொட்டலம் என்றால் 1 கிலோ. வருடத்துக்கு 300 நாள் என்றால் 300 கிலோ. வாடிக்கையாளர் பக்கம் குறைந்தால் பெயர் போகும், நம் பக்கம் குறைந்தால் முதல் போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பெரிய சுமையை இறக்கினால் சற்றுப் பொறுத்து, பிறகு பூஜ்யம் பார்த்து, அதன் பின் நிறுப்பது.

மொத்த வியாபாரிகளின் நெம்புகோல் பிளாட்பாரம் தராசிலும், சுருள்வில் தராசிலும் நிலைமை இன்னும் கடுமை. கத்திமுனை தேய்ந்த தராசில் 50 கிலோ மூட்டைக்கு 100 கிராம் மாறினால் நூறு மூட்டைக்கு 10 கிலோ. இத்தகைய தராசில் அளவுக்கு மேல் போட்டு அள்ளி எடுக்கும் பழக்கம் கூடாது. மேலிருந்து இறங்கி வரும்போது தராசு பெரும்பாலும் உள்ளதை விடக் கூடுதலாகவே காட்டும், வாங்குபவர் ஏமாறுவார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கீழிருந்து மேலே போய் எடையைத் தொடுவதே முறை. அதாவது எப்போதும் ஒரே வழியாக வருவது. ஒரே வழியாக வந்தால் தராசின் ஞாபகமும் ஒரே மாதிரி இருக்கும். அளவு திருத்தும்போது அது கணக்கில் சேர்ந்துவிடும்.

நன்மை செய்யும் தயக்கம்

தயக்கம் எங்குமே தீமை என்று எண்ண வேண்டாம். பால், தயிர், குளிர்பானம் வைத்திருக்கும் நம் கடைக் குளிர்பெட்டியில் வேண்டுமென்றே தயக்கம் வைத்திருக்கிறார்கள். உதாரணமாக 6 டிகிரி ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கும். 3 டிகிரி வந்த பிறகே நிற்கும். நடுவில் 4 அல்லது 5 டிகிரியில் ஓடுகிறதா நிற்கிறதா என்பது அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. இந்த இடைவெளி இல்லாவிட்டால் மோட்டார் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்று விரைவில் எரிந்துபோகும். கட்டுப்பாட்டுக் கருவியில் தயக்கம் வேண்டும். அளவுக் கருவியில் அது குறைய வேண்டும்.

உறுப்பினர்களின் ஐயங்களுக்குச் சில விளக்கங்கள்

முத்திரை புதிதாக இருக்கும்போது சோதனை எதற்கு? எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. அந்த 12 மாதத்துக்குள் ஒருநாள் 30 கிலோ தராசில் 50 கிலோ மூட்டையைத் தொப்பென்று போட்டாலே லோட் செல் நிரந்தரமாக வளைந்துவிடலாம். முத்திரை அன்றைய நிலைக்குச் சான்று. அன்றாட நிலைக்கு நாமே பொறுப்பு.

ஒரே தராசில் மூட்டையும் ஏலக்காயும் நிறுக்கலாமா? கூடாது. 30 கிலோ, 5 கிராம் தராசில் 100 கிராமுக்குக் கீழ் நிறுப்பதே முறையல்ல. அதன் குறைந்தபட்ச அளவு அதுதான். தராசின் பலகையில் இது எழுதியிருக்கும். விலை உயர்ந்த சிறு சரக்குக்குச் சிறிய தராசு ஒன்று தனியாக இருப்பது செலவல்ல, சேமிப்பு.

தராசின் ஓரத்தில் வைத்தால் ஓர் எடை, நடுவில் வைத்தால் ஓர் எடை காட்டுகிறது, இதுவும் தயக்கமா? இல்லை. அது மூலைப் பிழை. 30 கிலோ தராசில் 10 கிலோவை நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தயக்கச் சோதனை செய்யும்போது கற்களை நடுவிலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு குறையும் கலந்துவிடும்.

நினைவில் கொள்ள

1. இரவில் தராசின் மேல் எந்தச் சுமையும் வைக்காதீர்கள்.
2. காலையில் கடை திறந்ததும் தராசுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.
3. பெரிய சுமைக்குப் பிறகு சற்றுப் பொறுத்து, பூஜ்யம் பார்த்து, பிறகு நிறுங்கள்.
4. கீழிருந்து மேலே போய் எடையைத் தொடுங்கள்.
5. மாதம் ஒருமுறை கற்களை ஏற்றியும் இறக்கியும் சோதித்து, ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.
6. கடைப் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். நாம் இல்லாத நேரத்தில் தராசைப் பார்ப்பவர் அவர்தான்.

அந்த நோட்டு நமக்கு இரண்டு வகையில் உதவும். மாதாமாதம் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் முத்திரை நாளுக்குக் காத்திராமல் பழுது பார்க்கலாம். எடையில் சந்தேகம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் கோபப்படாமல் நோட்டை எடுத்துக் காட்டி, அவர் கண் முன்னாலேயே கல்லை வைத்தும் காட்டலாம். அப்படிக் காட்டிய கடைக்கு அவர் மறுபடியும் வருவார்.